தரை இறங்கும் முன்பே தொடங்கும் அளவை: நிலத்தடிச் சுரங்க சர்வே பிரிவுக்குப் புதிதாகச் செல்பவர்களுக்கு

கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் வளர்ந்த நமக்குக் குவாரி புதிதல்ல. கிரானைட் வெட்டிய பள்ளம் வானத்தைப் பார்த்துத் திறந்து கிடக்கும். கல் எடுத்த இடம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அதற்கு மேல் வீடும் இருக்காது, வயலும் இருக்காது. நிலத்தடிச் சுரங்கத்தில் நிலைமை வேறு. நூறு, இருநூறு மீட்டர் ஆழத்தில் நிலக்கரியை எடுத்துக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் மேலே ஒருவர் நாற்று நட்டுக்கொண்டிருப்பார், பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கும், சாலையில் பேருந்து ஓடும். கீழே உண்டான வெற்றிடத்தின் விளைவு மெல்ல மேலே வந்து சேரும்போது அந்த வயலும் பள்ளியும் சாலையும் சேர்ந்து இறங்குகின்றன. அதை அளப்பதும் இயன்றவரை குறைப்பதும்தான் நீங்கள் சேரப்போகும் பிரிவின் வேலை.

இந்த மாவட்டங்களிலிருந்து டிப்ளமோவோ ஐ.டி.ஐ.யோ முடித்துவிட்டுச் சுரங்க சர்வே பிரிவில் உதவியாளராகச் சேரும் இளைஞர்களுக்காக இதை எழுதுகிறேன். சுரங்கத்தோடு நம் பகுதிக்கு உள்ள உறவு பழையது. 1880களில் நவீன முறையில் வேலை தொடங்கி 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்ட கோலார் தங்கவயல் நம் எல்லைக்கு அப்பால் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே இறங்கி உழைத்தவர்களில் தமிழ்க் குடும்பங்களே மிகுதி. ஆனால் அங்கே பிரச்சினை வேறு வடிவத்தில் வந்தது. 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன அந்தக் கடினப் பாறையில் அழுத்தம் திடீரென வெடித்து வெளிப்பட்டது. 'ராக் பர்ஸ்ட்' என்று அதற்குப் பெயர். அதன் அதிர்வு மேலே குடியிருப்புச் சுவர்கள் வரை தெரிந்தது. நிலக்கரி வயல்களில் நடப்பது பெரும்பாலும் ஓசையில்லாத இறக்கம். ஓசையில்லாததால்தான் முன்கூட்டியே அளந்து வைக்காதவர்களால் பிறகு எதையும் சொல்ல முடியாமல் போகிறது. நான் சொல்ல விரும்புவதன் சாரம் இதுதான்: இந்த வேலையில் பாதிக்கு மேல், தரை அசையத் தொடங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

கீழே என்ன நடக்கிறது என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள்

நிலக்கரி அடுக்கை எடுத்த பிறகு கூரைப் பாறை உடைந்து அந்த வெற்றிடத்தில் விழுகிறது. அந்த இடத்தைச் சுரங்கத்தில் 'கோஃப்' என்பார்கள். அதற்கு மேலுள்ள அடுக்குகள் உடைந்து விழாமல் வளைந்து தொங்குகின்றன. அந்த வளைவு மேலே வரவர அகன்று, தரையில் ஆழம் குறைந்த பெரிய தாம்பாளம் போன்ற குழிவாகத் தெரிகிறது. குழிவு, எடுத்த பகுதியின் நேர் மேலே மட்டும் நிற்பதில்லை. எடுத்த பகுதியின் விளிம்பிலிருந்து செங்குத்துக்கு வெளியே ஒரு கோணத்தில் பரவுகிறது. சர்வே பிரிவில் அதை 'ஆங்கிள் ஆஃப் டிரா' என்றே சொல்வார்கள். இந்தக் கோணம் நிலக்கரி வயலுக்கு வயல் மாறும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் மனத்தில் நிற்கும். ஆழம் 120 மீட்டர், கோணம் 30 பாகை என்று வைத்துக்கொள்வோம். பேனலின், அதாவது ஒரே தொகுதியாக நிலக்கரி எடுக்கும் பகுதியின், விளிம்பிலிருந்து சுமார் 69 மீட்டர் தூரம் வரை தரை பாதிக்கப்படலாம். பேனல் எல்லைக்குள் வீடு இல்லை என்பதால் கவலை இல்லை என்று யாராவது சொன்னால், இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டுங்கள்.

எவ்வளவு இறங்கும் என்பது எடுத்த தடிமனைப் பொறுத்தது. கூரையை விழவிட்டு எடுக்கும் முறையில், எடுத்த உயரத்தில் 60 விழுக்காடு தரைக்கு வந்து சேர்கிறது என்று கொண்டால் 3 மீட்டர் அடுக்குக்கு 1.8 மீட்டர் இறக்கம். இந்த முழு அளவை எட்ட, பேனலின் அகலம் ஆழத்தைப் போல 1.2 முதல் 1.4 மடங்காவது இருக்க வேண்டும். 120 மீட்டர் ஆழத்தில் 100 மீட்டர் அகலப் பேனலை எடுத்தால் முழு இறக்கம் வராது. ஆனால் பக்கத்துப் பேனலையும் எடுத்துவிட்டால் இரண்டும் சேர்ந்து ஒரே பெரிய பேனல் போல ஆகிவிடும். முதல் பேனலுக்குப் பின் நிம்மதியாக இருந்த ஊரில் இரண்டாவது பேனலுக்குப் பின் சுவர் பிளப்பது இதனால்தான்.

இறக்கம் மட்டும் வீட்டை உடைப்பதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வீடு முழுவதும் ஒரே சீராக ஒரு மீட்டர் இறங்கினால் சுவரில் கீறல்கூட விழாமல் இருக்கலாம். ஒரு மூலை இறங்கி மறு மூலை இறங்காதபோது சாய்வு வருகிறது. தரை இழுபடும்போது விரிசல் வருகிறது. தரை நெருங்கும்போது தளம் மேலே பிதுங்குகிறது. குழிவின் வெளி ஓரம் இழுபடும், உள்பகுதி நெருங்கும். ஆகவே இறக்கம், சாய்வு, நீட்சி ஆகிய மூன்றையும் அளக்க வேண்டும். முதல் ஒன்றை மட்டும் அளந்துவிட்டு அறிக்கை எழுதுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஊரை விட்டுக் கிளம்பும் முன் ஒரு பயிற்சி

நம் மாவட்டங்களில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மண்ணுக்கு மேல் தலைநீட்டி நிற்கும் மொட்டைப் பாறை உண்டு. ஒரு சர்வேயருக்கு அது பெரிய வரம், ஏனென்றால் உயரத்தை ஒப்பிட அசையாத குறி, அதாவது 'பெஞ்ச் மார்க்', வேண்டுமென்றால் அதற்குமேல் ஒன்றும் தேட வேண்டியதில்லை. வேலையில் சேரும் முன் இப்படிப் பழகுங்கள். ஊர்ப் பாறையில் உளியால் சிறு குறி ஒன்றை வெட்டுங்கள். அதிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி யாருடைய மாந்தோப்பு வரப்பிலாவது, உரியவரிடம் கேட்டுக்கொண்டு, ஒரு கம்பியை நடுங்கள். கல்லூரியிலிருந்தோ தெரிந்த சர்வேயரிடமிருந்தோ உயர வித்தியாசம் அளக்கும் 'ஆட்டோ லெவல்' கருவி ஒன்றை வாங்கி, பாறையிலிருந்து கம்பிக்கும் கம்பியிலிருந்து மீண்டும் பாறைக்கும் லெவல் ஓட்டுங்கள். புறப்பட்ட குறிக்கே திரும்பி வரும்போது கணக்கு பூஜ்ஜியத்தில் முடிய வேண்டும், முடியாது. எத்தனை மில்லிமீட்டர் தவறியது என்பதுதான் உங்கள் கையின் தரம்.

சாதாரண வேலையில், ஓடிய தூரத்தைக் கிலோமீட்டரில் எடுத்து அதன் வர்க்கமூலத்தை 12 ஆல் பெருக்கினால் வரும் மில்லிமீட்டர் வரை பிழையை ஏற்பார்கள். போக வர 2 கிலோமீட்டருக்கு இது 17 மில்லிமீட்டர். கூரையைத் தாங்க நிலக்கரித் தூண்களை விட்டு எடுக்கும் சுரங்கத்தின் மேலே மொத்த இறக்கமே சில மில்லிமீட்டர்தான் இருக்கும். அங்கே 17 மில்லிமீட்டர் பிழையோடு போனால் அளந்ததும் அளக்காததும் ஒன்றே. அத்தகைய இடத்துக்கு 12க்குப் பதில் 4 என்ற கண்டிப்பான அளவுகோலைப் பிடித்துப் பழகுங்கள். கருவியிலிருந்து பின்னோக்குப் புள்ளிக்கும் முன்னோக்குப் புள்ளிக்கும் உள்ள தூரங்கள் சமமாக இருக்கட்டும். ஸ்டாஃபை, அதாவது அளவுக்கோடுகள் உள்ள நெட்டைக் கம்பை, உதவிக்கு வருபவர் வட்டக் குமிழ் பார்த்து நிமிர்த்திப் பிடிக்கட்டும். மதிய வெயிலில் காற்று அலையடிக்கும்போது கருவியை மூடி வையுங்கள். ஸ்டாஃபின் அடியில் ஒட்டிய செம்மண் கட்டி ஒன்றே 4 மில்லிமீட்டர் கொடுத்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கோடு போடுதல்

சுரங்கத்தில் சேர்ந்ததும் உங்களிடம் வரைபடம் தரப்படும். பேனலின் நீளவாக்கில் ஒரு கோடும், குறுக்கே ஒன்றோ இரண்டோ கோடுகளும் தரையில் வர வேண்டும். இரு முனைகளும் பாதிப்பு எல்லைக்கு வெளியே நீள வேண்டும். மேலே போட்ட கணக்கில் 69 மீட்டர் என்றால் நான் 100 மீட்டருக்குக் குறையாமல் நீட்டுவேன். கோட்டின் மேல் நடும் அளவைக் குறிகளான முளைகளுக்கு இடையிலான தூரம் ஆழத்தில் இருபதில் ஒரு பங்கு இருந்தால் வளைவு ஒழுங்காகப் பிடிபடும். 120 மீட்டருக்கு அது 6 மீட்டர். வேலைப் பளுவால் 10 மீட்டர் வைப்பவர்கள் உண்டு. விளிம்புக்கு நேர் மேலே மட்டுமாவது நெருக்கி வையுங்கள், அங்குதான் சாய்வு அதிகம்.

முளை என்றால் ஏதோ ஒரு குச்சி அல்ல. ஒரு மீட்டராவது ஆழமுள்ள குழி தோண்டி, நடுவில் 20 மில்லிமீட்டர் இரும்புக் கம்பியை நிறுத்திக் கான்கிரீட் போட வேண்டும். கம்பியின் தலை உருண்டையாக இருக்கட்டும், ஸ்டாஃப் எப்போதும் ஒரே புள்ளியில் உட்காரும். தலையின் நடுவில் தூரம் அளக்க ஒரு சிறு குத்துக்குறி. தரை மட்டத்துக்குச் சற்றுக் கீழே முடித்து மூடி போட்டுவிட்டால் ஏரும் டிராக்டரும் இடிக்காது. கரிசல் மண்ணில் மேல் மண் மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும். கம்பியைச் சுற்றிக் குழாய் செருகி, மண் கம்பியைப் பிடிக்காமல் செய்து, அடியிலுள்ள உறுதியான மண்ணில் மட்டும் ஊன்ற வேண்டும். கான்கிரீட் இறுக இரண்டு வாரமாவது விட்ட பிறகே முதல் அளவு.

பெஞ்ச் மார்க் பாதிப்பு எல்லைக்கு நன்றாக வெளியே, குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால், அது அசைந்ததா கோடு அசைந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. நிலக்கரி வயலில் நம் ஊர்ப் பாறை கிடைக்காது. முன்பு தோண்டிய பழைய வேலைகள் எதற்கும் மேலே பெஞ்ச் மார்க் வந்துவிடாதபடி பழைய வரைபடங்களையும் பார்த்துத்தான் இடம் தேர வேண்டும்.

முதல் அளவு

நான் வேலை பார்த்த ஒரு சுரங்கத்தில் நடந்தது. பேனலைத் தொடங்க அவசரம். கோடு போட்டு ஒரே ஒரு முறை, கனமழைக்கு மறுநாள், லெவல் எடுத்தோம். அந்த அளவை எடுத்தவர்களில் நானும் ஒருவன். நான்கு மாதம் கழித்துக் கோடையில் சில முளைகள் 15 மில்லிமீட்டர் இறங்கியிருந்தன. கீழே எடுத்ததால் இறங்கியதா, ஈர மண் காய்ந்ததால் இறங்கியதா என்று எங்களால் சொல்ல முடியவில்லை. கோட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டு வீடு, சுவரில் விரிசல். வீட்டுக்கார அம்மா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "போன வருஷம் இது இல்லைய்யா. இல்லைன்னு எழுதி வச்சிருக்கீங்களா?" எழுதி வைக்கவில்லை. நிர்வாகம் அது பழைய விரிசல் என்றது. அந்த அம்மாவுக்கு எதுவும் கிடைக்கவில்லை.

அதனால் சொல்கிறேன். எடுக்கும் வேலை பாதிப்புத் தூரத்துக்குள் வருவதற்கு முன், வெவ்வேறு நாட்களில் குறைந்தது இரண்டு முறை, முடிந்தால் மழைக்காலத்தில் ஒன்றும் கோடையில் ஒன்றுமாக முழுக் கோட்டையும் அளந்துவிடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே அந்த மண்ணின் இயல்பான ஏற்ற இறக்கம். அதே காலத்தில் எல்லைக்குள் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் போய், இருக்கும் விரிசல்களை நீளம், அகலம், இடம் குறித்து எழுதி, அளவுகோலை அருகில் வைத்துப் படம் எடுத்து, வீட்டுக்காரரின் கையொப்பத்தோடு ஒரு நகலை அவரிடமே கொடுத்துவிடுங்கள். கிணறுகளின் நீர் மட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இழுபடும் பகுதியில் பாறை பிளந்தால் கிணற்றுத் தண்ணீர் கீழே இறங்கிவிடும், அப்போது பழைய மட்டம் தெரியாமல் நியாயம் பேச முடியாது.

இந்த வீடு வீடாகப் போகும் வேலையைச் சிலர் தாழ்வாக நினைக்கிறார்கள். என் கணிப்பில் கருவி வேலையைவிட இது முக்கியம். கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வீட்டிலேயே வந்துவிடுவதால், வேறு மாநிலத்தில் மக்களிடம் உட்கார்ந்து பேச உங்களால் முடியும், அதைப் பயன்படுத்துங்கள்.

தொடர்ந்து அளத்தல்

முகப்பு, அதாவது கீழே நிலக்கரி எடுக்கும் இடம், கோட்டை நெருங்கும்போது வாரம் ஒரு முறை. கடந்து போகும் நாட்களில் அதைவிட நெருக்கமாக. கடந்த பிறகு மாதம் ஒரு முறை. ஒவ்வொரு அளவின்போதும் புத்தகத்தில் தேதி, நேரம், கருவி எண், வானிலை ஆகியவற்றோடு, அன்று முகப்பு எங்கே நின்றது என்பதையும் எழுத வேண்டும். முகப்பின் இடம் இல்லாத லெவல் புத்தகம் பாதிப் புத்தகம்தான்.

நீட்சிக்கு முளைக்கு முளை தூரம் அளக்க வேண்டும். 10 மீட்டர் இடைவெளி 20 மில்லிமீட்டர் நீண்டால், மீட்டருக்கு 2 மில்லிமீட்டர் நீட்சி. எஃகு நாடாவால் அளப்பவர்கள் வெப்பத்தை மறக்கக் கூடாது: காலையும் மதியமும் 15 பாகை செல்சியஸ் வித்தியாசம் இருந்தால் 30 மீட்டர் நாடா 5 மில்லிமீட்டர் நீண்டுவிடும், அது நிலத்தின் நீட்சி அல்ல. சாய்வுக்குக் கணக்கு எளிது. ஒரு முளை 40, அடுத்தது 90 மில்லிமீட்டர் இறங்கி, இடைவெளி 10 மீட்டர் என்றால், சாய்வு மீட்டருக்கு 5 மில்லிமீட்டர்.

இந்த எண்களை வீட்டோடு பொருத்திப் பாருங்கள். நம் நாட்டில் கட்டடங்களுக்கு மீட்டருக்கு 3 மில்லிமீட்டர் நீட்சியை வரம்பாகக் கொள்வது வழக்கம். 15 மீட்டர் நீள வீட்டில் இது 45 மில்லிமீட்டர் மாற்றம். பிரிட்டன் நிலக்கரித் துறை வகுத்த பழைய பட்டியலில் கட்டடத்தின் நீள மாற்றம் 30 மில்லிமீட்டர் வரை மிகச் சிறு பாதிப்பு, 60 வரை சிறு பாதிப்பு, 120 வரை கவனிக்கத்தக்கது, 180 வரை கடுமையானது. நீளமான கட்டடமே முதலில் உடையும் என்பதும் இதிலிருந்து தெரியும்; பள்ளிக்கூட வராந்தாவை முதலில் போய்ப் பாருங்கள். விரிசலுக்கு இரு பக்கமும் மூன்று ஆணிகளை முக்கோணமாகப் பதித்து, வெர்னியர் காலிப்பரால் அவற்றின் இடைத்தூரத்தை அளந்தால், விரிசல் எந்தத் திசையில் எவ்வளவு நகர்கிறது என்பது தெளிவாக வரும். இதற்குச் செலவே இல்லை.

ஜி.பி.எஸ். கருவியை நம்பி லெவலை விட்டுவிடாதீர்கள். களத்தில் உடனுக்குடன் காட்டும் ஆர்.டி.கே. முறையில் உயரத்தில் சில சென்டிமீட்டர் பிழை இயல்பு. மீட்டர் கணக்கில் இறங்கும் இடத்துக்கு அது போதும், மில்லிமீட்டருக்குப் போதாது. செயற்கைக்கோள் ரேடார் பெரிய உதவி: ஐரோப்பாவின் சென்டினல்-1 இன் அலைநீளம் சுமார் 5.6 சென்டிமீட்டர், எனவே இரு தேதிகளின் பதிவுகளை ஒப்பிட்டு வரையும் வண்ணப் படத்தில் ஒரு முழு வளையம் செயற்கைக்கோளை நோக்கிய திசையில் 2.8 சென்டிமீட்டர் அசைவைக் குறிக்கும். பயிர் மூடிய நிலத்தில் இந்தப் படம் சிதறிவிடும். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட இந்திய-அமெரிக்க ரேடார் செயற்கைக்கோளான நிசாரின் நீண்ட அலை, பயிரை ஊடுருவிப் பார்ப்பதில் இதைவிட வசதியானது. ஊர் முழுவதும் எங்கே அசைகிறது என்று ரேடார் காட்டும். எவ்வளவு என்று உறுதியாகச் சொல்ல உங்கள் கம்பிக்கே திரும்பி வர வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. நம் நிலக்கரி வயல்களில் கூரைக்கு மேல் தடித்த மணற்பாறை இருக்கும் இடங்கள் உண்டு. அது உடையாமல் வாரக்கணக்கில் தொங்கி, பிறகு ஒரேயடியாக விழும். முளைகள் அசையவில்லை என்று அளவை நிறுத்திவிட்ட மறு வாரமே அது நடக்கலாம்.

குறைப்பதற்கு என்ன வழி

இதை முடிவு செய்பவர் மேலாளர். ஆனாலும் உங்கள் அளவின் மேல்தான் அந்த முடிவு நிற்கிறது, ஆகவே தெரிந்திருக்க வேண்டும். முதல் வழி, எடுக்காமல் விடுவது. ரயில் பாதை, பொதுச் சாலை, சுரங்க உரிமையாளருக்குச் சொந்தமில்லாத கட்டடம் ஆகியவற்றிலிருந்து 45 மீட்டருக்குள் அனுமதியின்றி எடுக்கக் கூடாது. ஆறு, கால்வாய், ஏரிக்கு நேர் கீழும் அவற்றின் கரையிலிருந்து 15 மீட்டருக்குள்ளும் அதேபோல. இவை சட்டத்தின் குறைந்தபட்சம். 69 மீட்டர் கணக்கை நினைத்துப் பார்த்தால், 45 மீட்டர் தள்ளி நிற்பது மட்டும் எப்போதும் பாதுகாப்பல்ல என்பது விளங்கும்.

இரண்டாவது, தூண்களை விட்டு எடுப்பது. 120 மீட்டர் ஆழத்தில் பாறையின் எடை சுமார் 3 மெகாபாஸ்கல் அழுத்தம் தரும். பாதியை எடுத்துவிட்டால் மீதித் தூண்கள் 6 மெகாபாஸ்கலைத் தாங்க வேண்டும். தென்னாப்பிரிக்காவின் கோல்புரூக் சுரங்கத்தில் 1960 ஜனவரி 21 அன்று தூண்கள் வரிசையாக நொறுங்கி 435 பேர் இறந்தனர். அதன் பிறகே சலாமன், மன்றோ என்ற ஆய்வாளர்கள் இருவரும் நின்ற தூண்களையும் விழுந்த தூண்களையும் ஒப்பிட்டு 1967இல் ஒரு சூத்திரம் தந்தனர். அதன்படி அகலத்தை மாற்றாமல் தூணின் உயரத்தை மட்டும் இரட்டித்தால் வலிமையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். அடித்தள நிலக்கரியைக் கொஞ்சம் சுரண்டிக்கொள்ளலாம் என்று யாராவது சொல்லும்போது, உயரம் கூடுகிறது என்று வரைபடத்தில் குறித்துக் காட்டுவது சர்வேயரின் கடமை.

மூன்றாவது, 'ஸ்டோயிங்': எடுத்த வெற்றிடத்தில் மணலையும் தண்ணீரையும் குழாய் வழியே செலுத்தி நிரப்புவது. நன்றாக நிரப்பினால் இறக்கம் எடுத்த உயரத்தில் 5 விழுக்காடு அளவுக்குக் குறைந்துவிடும். 3 மீட்டருக்கு 1.8 மீட்டர் என்பது 15 சென்டிமீட்டராகிறது. ஆற்று மணலுக்கு வந்திருக்கும் தட்டுப்பாடு நமக்குத் தெரிந்ததே. அனல்மின் நிலையச் சாம்பலும் நொறுக்கிய பாறையும் அந்த இடத்தை நிரப்ப வேண்டும் என்பதே என் விருப்பம். கூரை வரை நிரம்பியதா என்று நேரில் இறங்கிப் பார்த்து எழுதுங்கள், ஏனெனில் கணக்கில் நிரம்பியிருந்தாலும் மேலே ஒரு முழம் காலியாக இருப்பதுண்டு.

தரையில் பிளவு தெரிந்தால் மழைக்கு முன் களிமண்ணால் இறுக்கி மூட வேண்டும். மழைநீர் அதன் வழியே கீழே இறங்கும்; காற்று இறங்கினால் மிச்சமுள்ள நிலக்கரி தானே சூடேறித் தீப்பிடிக்கும். ஜார்க்கண்டின் ஜரியா நிலக்கரி வயலில் 1916 முதல் பற்றி எரியும் நெருப்பை நினைத்துக்கொள்ளுங்கள்.

பழைய வேலைகளின் மேலே

ஆழம் குறைந்த, சரியான வரைபடம் இல்லாத பழைய கேலரிகள், அதாவது முன்பு நிலக்கரி எடுத்த சுரங்கப் பாதைகள், தனி ஆபத்து. கூரை சிறிது சிறிதாக உதிர்ந்து, குழி மேல்நோக்கி ஏறிக்கொண்டே வரும். உதிர்ந்த பாறை இடத்தை அதிகம் அடைப்பதால் ஒரு கட்டத்தில் தானே நிரம்பி நின்றுவிடும்: 3 மீட்டர் உயரக் கேலரியில், பாறை உடைந்து 1.3 மடங்காகப் பெருகினால் சுமார் 10 மீட்டரில் நிற்க வேண்டும். தண்ணீர் ஓடி உதிர்ந்ததை அடித்துக்கொண்டு போனால் இந்தக் கணக்கு செல்லாது; குழி தரைக்கே வந்துவிடும்.

அப்படி ஒரு குழி விழுந்தால் விளிம்பருகே யாரும் போகக் கூடாது, ஏனெனில் மேலே தெரியும் வாயைவிட உள்ளே அகலம் அதிகம். குழியின் விட்டத்தைப் போலப் பல மடங்கு தூரத்தில் வேலி போட்டு, இரவில் விளக்கும் காவலும் வைத்து, மேலாளருக்கு உடனே தெரிவியுங்கள். குப்பையையும் மண்ணையும் கொட்டி அன்றே மூடிவிட ஊரார் அவசரப்படுவார்கள். அடியில் வழி திறந்திருக்கும் வரை கொட்டியது அத்தனையும் கீழே போய், அடுத்த மழையில் குழி மீண்டும் வாயைத் திறக்கும். முதலில் ஆழத்தையும் அகலத்தையும் தூரத்தில் நின்று அளந்து, பழைய வரைபடத்தில் எந்தக் கேலரிக்கு மேல் வருகிறது என்று பொருத்திப் பார்த்து, அந்தக் கேலரி நீளும் திசையில் மேலே யார் வீடு இருக்கிறது என்று அன்று மாலையே நடந்து போய்ப் பாருங்கள்.